ஒன்பதாவது குச்சி

ஒருவர் செய்த தப்பைவிட, செய்யாத தப்பு அவருக்கு அதிகச் சொந்தமாகிவிட முடியுமா? குச்சிக்காரரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவருடைய மகளுக்கு இந்தக் கேள்விதான் வந்து நின்றது. பதில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரோ கேட்டால் மட்டும் பேசுகிற ரகம். இதை அவரிடம் எப்படிக் கேட்பது என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அவர் வேலை பார்த்த இடத்துக்கு வாசலில் பெரிய பெயர்ப்பலகை உண்டு. கலைஞர்கள் வந்து தங்கிப் படம் வரைவதற்கான இல்லம் என்று அதில் சுற்றிவளைத்து எழுதியிருக்கும். அக்கம்பக்கத்தில் யாரும் அதைப் படித்ததில்லை. எல்லோருக்கும் அது படக்கார வீடு. ஒருகாலத்தில் சரக்குக் கிடங்காக இருந்த நீளமான கட்டடம். ஆறு அறை, ஒரு சமையல்கட்டு, வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேறு.

சேறு என்றால் வீட்டு முற்றத்துச் சேறு இல்லை. தண்ணீர் வற்றும் நேரத்தில் கடல் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடும். அது விட்டுவிட்டுப் போன தரை சாம்பல் நிறத்தில், வாய்க்கால் வாய்க்காலாகக் கீறிக்கொண்டு, பளபளவென்று கிடக்கும். நடுவில் ஒரு மணல்திட்டு. வருகிற ஓவியர்கள் எல்லோருக்கும் அந்தத் திட்டில் போய் உட்கார்ந்தால்தான் படம் வரும். இல்லத்தின் விதியும் அதுதான்: இரண்டு மாதம் தங்கலாம், இந்த நிலத்தைப் பார்த்துத்தான் எதையும் செய்ய வேண்டும், போகும்போது வரைந்த தாள்களில் ஒரு கட்டு இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

கரையிலிருந்து திட்டுக்குப் போகும் வழி மாதத்துக்கு இரண்டு முறை இடம் மாறும். நேற்று கல் மாதிரி இருந்த தரை இன்று இடுப்புவரை இழுக்கும். ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் பெரிதாக ஏறி இறங்கியபின், குச்சிக்காரர் நீளமான இரும்புக் கம்பியோடு இறங்குவார். கம்பியைச் சேற்றுக்குள் இறக்கி இறக்கிப் பார்ப்பார். கெட்டியாக முட்டும் இடத்தில் ஒரு குச்சி நடுவார். ஆளுயரக் குச்சி, தலையில் சிவப்புத் துணி. கரை முதல் திட்டுவரை பன்னிரண்டு. புதிதாக வருபவர்களுக்கு அவர் சொல்வது ஒரே பாடம்: போகும்போது குச்சி வலது கையில் பட வேண்டும், வரும்போது இடது கையில் பட வேண்டும். குச்சியைத் தொட்டபடி நடந்தால் தரை தாங்கும். ஒரு எட்டு தள்ளி வைத்தால் தாங்காது.

ஓவியர்களுக்கு அவர் வைக்கும் பெயர்கள் வீட்டுக்குள் பிரசித்தம். எப்போதும் இருமுகிறவர் இருமல். தினம் மூன்று முறை குளிக்கிற அம்மாள் வாளி. நிறமே தொடாமல் பென்சிலால் மட்டும் வரைந்தவர், உயரமான ஆள், கை முழங்காலைத் தொடும், அவர் நீளக்கை. "நமக்கு நீங்க என்ன பேர் வெச்சிருக்கீங்களோ," என்று சமையற்காரர் ஒருமுறை கேட்டதற்கு, "உப்பு கம்மி," என்றார். சமையற்காரர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் குழம்பு கடலாகக் கரித்தது.

இதெல்லாம் மகளுக்குப் பத்தொன்பது வயது ஆகும்வரை நடந்த பேச்சு. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் பெயர் வைக்கவில்லை.

அம்மாவும் அதே வீட்டில்தான் வேலை. அறைகளைக் கூட்டித் துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, திட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக் கூடையைக் கொண்டுபோய்க் கொடுப்பது. கணவர் நட்ட குச்சியைத் தொட்டுக்கொண்டு கூடையோடு வேகமாக நடப்பாள். குச்சி இருக்கும்போது கால் எதற்கு யோசிக்க வேண்டும் என்பாள்.

அது ஒரு வியாழக்கிழமை. செவ்வாயன்றுதான் குச்சிக்காரர் குச்சிகளை மாற்றி நட்டிருந்தார். வியாழன் காலையிலேயே விளக்கும் கயிறும் வாங்க டவுனுக்குப் போய்விட்டார். நீளக்கை இரண்டு மாதம் முடிந்து, மூன்று மணி பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பிப் போனார். அவருடைய அறையைக் கூட்டப் போன அம்மா மடக்கு நாற்காலி இல்லாததைக் கவனித்தாள். அன்று காலை அவர் மட்டும்தான் திட்டுக்குப் போயிருந்தார், அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். தண்ணீர் ஏற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. "ஒரு ஓட்டம் போய் எடுத்துட்டு வந்துடறேன், இல்லேன்னா கடல் உக்காந்துக்கும் அதுல," என்று சமையற்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஒன்பதாவது குச்சியைப் பிடித்தபடி இருந்தாள். அவள் திரும்பி வராததால் தேடி இறங்கிப் போனவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். பிடித்த கை பிடித்தபடி இருந்தது. அதற்கு மேல் தண்ணீர் இருந்தது. குச்சி நின்ற இடம் கூழ் மாதிரி இளகிய சேறு. வந்தவர்கள் எல்லோரும் அதைத் தங்கள் காலாலேயே அறிந்தார்கள். அவளை வெளியே எடுக்கிற அவசரத்தில் குச்சிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். அடுத்த தண்ணீர் வந்து தடயம் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

விசாரணைக்கு வந்தவர் கேட்டது ஒரே கேள்வி: குச்சி நட்டது யார்? "நான்தான்," என்றார் குச்சிக்காரர். எழுதிய தாளை நீட்டினார்கள். வழிக்குச்சி கவனக்குறைவாக நடப்பட்டதால் என்று அதில் இருந்தது. வாசித்தாரா இல்லையா என்று தெரியவில்லை, கையெழுத்துப் போட்டார். அப்போதிருந்த மேலாளர் நல்ல மனுஷர். குச்சிக்காரரை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஊருக்குப் போய்விட்ட ஓவியருக்கும் தகவல் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தார். பாவம், நாற்காலியால்தான் இப்படி ஆனது என்று நினைத்து அவர் மனம் கஷ்டப்படும்.

மகள் அழுது முடித்திருந்த ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் நின்றாள்.

"அந்த இடத்துல கம்பி விட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கெட்டியா இருந்துச்சா?"

அவர் கையிலிருந்த சட்டையை உதறினார். மறுபடி உதறினார்.

"இருந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன்."

நினைக்கிறேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. இருந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். இல்லை, தப்பு நடந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் ஒருநாள் மன்னித்திருப்பாள். நினைக்கிறேன் என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு டவுனில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

சித்தி வாயை அடக்கும் பழக்கம் இல்லாதவள். அக்காவைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சல் சோறு போடும்போதுகூட வெளியே வரும். "பன்னெண்டு குச்சி. வேற என்ன வேலை அந்த மனுஷனுக்கு? மலையப் பெயர்க்கச் சொன்னாங்களா? பன்னெண்டே பன்னெண்டு குச்சி." மகள் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் கணக்கு அவளுக்கும் மனப்பாடம்.

அச்சுக்கடை ஒன்றில் வேலை கிடைத்தது. நகல் எடுப்பது, பைண்டிங் போடுவது, பழைய கல்யாணப் போட்டோக்களை ஸ்கேன் செய்து கறை நீக்கிக் கொடுப்பது. மாதம் ஒருமுறை அப்பாவைப் பார்க்கப் போவாள். ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுப்பாள். அவர் டீ போடுவார். இரண்டு பேரும் சமையல்கட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து குடிப்பார்கள். பஸ் கூட்டமா என்பார். இல்லை என்பாள். சித்தி சௌக்கியமா என்பார். சௌக்கியம் என்பாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்புவாள். பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. வருத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. வருத்தத்துக்கு ஒரு முனை இருக்கும், குத்தும். இது மரத்துப்போன விரல் மாதிரி, கிள்ளினால் கிள்ளுகிறோம் என்று தெரியும், அவ்வளவுதான்.

அவர் குச்சி நடுவதை விடவில்லை. இல்லம் ஒரு புது விதி மட்டும் சேர்த்திருந்தது: நட்டபின் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இன்னொருவர் சமையற்காரர். சேற்றைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. குழம்பில் உப்புப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு குச்சியையும் லேசாக ஆட்டிப் பார்த்துத் தலையாட்டுவார். ஒன்பதாவது வந்தால் ஆட்டாமல் கடந்துவிடுவார். குச்சிக்காரர் அதை மட்டும் மறுபடி பிடுங்கி, கம்பியை விட்டுப் பார்த்து, அதே இடத்தில் நடுவார். பிறகு இன்னொரு முறை பிடுங்குவார். சில நாள் நாலைந்து முறை. தண்ணீர் திரும்பும் ஓசை கேட்டுச் சமையற்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார்.

இல்லத்தின் இருபத்தைந்தாம் வருஷ விழா வந்தது. புதிய மேலாளர் அம்மா சுறுசுறுப்பானவர். இல்லத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுவது என்றும், கிடங்கறையில் அடுக்கிக் கிடக்கும் படங்கள் அத்தனையையும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஸ்கேன் எடுத்து வைப்பது என்றும் ஏற்பாடு செய்தார். பின்பக்கம் எதற்கென்றால், தேதியும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். வேலை டவுன் அச்சுக்கடைக்கு வந்தது. கடை முதலாளி அவளைப் பார்த்து, "உங்க வீடு மாதிரிதானே அது, நீயே போ," என்றார். போனாள்.

புத்தகத்துக்கான எழுத்துப்படியும் அவளிடமே வந்தது, பக்கம் அமைப்பதற்கு. நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: வழிக்குச்சி தவறாக நடப்பட்டதால் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்த துயரமும் இவ்வில்லத்தின் வரலாற்றில் உண்டு. அவள் அதை வாசித்தாள். எழுத்துப்பிழை இல்லை. அடுத்த பக்கத்துக்குப் போனாள். அன்று மாலை மேலாளர் அம்மாவே அவளைக் கூப்பிட்டுச் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னார்: கோப்பில் இருப்பதைத்தான் எழுதியிருக்கிறார்கள், அது அப்படி இல்லை என்று காட்ட ஏதாவது இருந்தால் திங்கள்கிழமைக்குள் சொல், மாற்றிவிடலாம், திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. காட்ட எதுவும் இல்லை என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை மதியம் நீளக்கையின் கட்டு கைக்கு வந்தது. கயிறு போட்டுக் கட்டிய முப்பது தாள்கள். எல்லாவற்றிலும் அதே சேறு, அதே குச்சிகள், அதே தொலைவு. படங்கள் நன்றாக இருந்தனவா என்று அவளைக் கேட்டால், பொறுமையாக இருந்தன என்பாள். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி போட்டுச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதும் பழக்கம் அவருக்கு. மேகம் அதிகம். இன்று கை ஓடவில்லை. கோடு விறைப்பாக நிற்கிறது, சிப்பாய் வரிசை மாதிரி. எடுத்தாள், கண்ணாடியில் கவிழ்த்தாள், மூடினாள், திருப்பினாள். இயந்திரத்தின் வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

கடைசித் தாள். முன்பக்கத்தைக் கண்ணாடியில் வைக்கும் முன்பே தேதி கண்ணில் பட்டது. அந்த வியாழக்கிழமை. அதன் கீழே, தெளிவான சின்ன எழுத்தில்:

ஒன்பதாவது குச்சியைக் கைநீட்டும் தூரம் இடப்பக்கம் மாற்றி நட்டேன். இப்போதுதான் கோடு வளைகிறது. இரண்டு மாதமாகத் தேடியது இதுதான்.

அவள் படத்தைத் திருப்பினாள். வளைந்துதான் இருந்தது. எட்டுவரை நேராகப் போன வரிசை ஒன்பதில் மெல்ல ஒதுங்கி, பத்தில் திரும்பி வந்தது. அந்த ஒரு ஒதுங்கலால் சேறு முழுக்க அசைவதுபோல் தெரிந்தது. முந்தைய இருபத்தொன்பது தாளிலும் இல்லாத ஏதோ ஒன்று இதில் இருந்தது. அதை அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கெட்டித் தரையில் நின்றபடியே, நீளமான கையை நீட்டி, பக்கத்துச் சேற்றில் குத்தியிருக்கிறார். பார்த்து, வரைந்து, சந்தோஷப்பட்டு, அந்தச் சந்தோஷத்தில் நாற்காலியை மறந்து, பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். குச்சி என்றால் அவருக்குக் கோடு. வேறு யாரும் அதைப் பிடுங்கியிருக்கவே மாட்டார்கள், சின்னப்பிள்ளைகள்கூட.

இயந்திரத்தை அணைத்தாள். நெஞ்சு படபடக்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.  தாளை அட்டைக்குள் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

அப்பா தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து சிவப்புத் துணியைக் கிழித்து ரிப்பனாக்கிக்கொண்டிருந்தார். ஞாயிறு அமாவாசை. அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஓவியர்கள் விட்டுப்போன துண்டுப் பென்சிலும் ரப்பரும் போட்டு வைத்த தகர டப்பா, ஆணியில் அவருடைய மழைக்கோட்டு. பக்கத்து ஆணி சும்மா இருந்தது.

அவள் தாளை மேஜையில் பின்பக்கம் தெரிய வைத்தாள்.

"இத வாசிங்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். வாசித்தார். உதடு அசைந்தது. மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிறகு தாளைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எட்டாவது குச்சியில் விரலை வைத்து, தாளைத் தொடாமல் ஒரு நூலிழை மேலாகவே, ஒன்பதுக்கு நகர்த்தினார்.

"எடம் கெட்டியாத்தான் இருந்திருக்கு," என்றாள் மகள். "நீங்க நட்ட எடம்."

அவர் தலையாட்டினார். சமையற்காரர் குச்சிக்குத் தலையாட்டுவாரே, அதுபோல.

"மேலாளரம்மா திங்கக்கெழமை காலைல வருவாங்க. காட்டினாப் போதும், புத்தகத்துல அந்த வரிய எடுத்துடுவாங்க. கோப்பையும் மாத்தச் சொல்லலாம்." அவள் நிறுத்தினாள். வேறு ஏதோ சொல்லவேண்டும் என்று தெரிந்தது. பதினோரு வருஷமாகப் பழக்கமில்லாத பேச்சு அது. "சித்திகிட்டயும் காட்டணும்," என்று மட்டும் வந்தது.

"அவருக்குத் தெரியுமா?"

"யாருக்கு?"

"நீளக்கைக்கு."

அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து அவள் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. "தெரியாது. யாரும் சொல்லல. இப்பப் பெரிய ஆளாம், வெளிநாட்டுல இருக்காராம். விழாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"ஸ்கேன் எடுத்துட்டியா?"

"இல்ல. நேரா இங்கதான் கொண்டாந்தேன்."

அவர் தகர டப்பாவை இழுத்தார். உள்ளே விரலால் துழாவினார். இளஞ்சிவப்பு ரப்பரை எடுத்து, அது தாளில் சாயம் விடும் என்று திருப்பிப் போட்டார். வெள்ளை ரப்பர் ஒன்று கிடைத்தது. மேஜை ஓரத்தில் ஒரு தேய் தேய்த்து அழுக்கு நீக்கினார். தாளின் மூலையை இடது உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார், கசங்காமல் இருக்க.

அவர் என்ன செய்கிறார் என்று அவளுக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. புரிந்தபின்னும் கையைப் பிடித்திருக்கலாம். எட்டும் தூரத்தில்தான் நின்றாள். அவள் கை எழவில்லை; ஏன் என்று அவளுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை.

தேதியை விட்டுவிட்டார். அதற்குக் கீழே இருந்ததை மட்டும், வார்த்தை வார்த்தையாக, ஒரே திசையில், அவசரமில்லாமல் அழித்தார். அழுத்தித் தேய்த்தால் தாளின் தோல் உரியும், முன்பக்கத்துப் படம் கெடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷம் அந்த வீட்டில் இருந்தவர். தூளை ஊதினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு இடத்தில் பென்சில் பதிந்த பள்ளம் இலேசாகத் தெரிந்தது. கட்டைவிரல் நகத்தின் முதுகால் அதை நீவிவிட்டார்.

தாளை அட்டைக்குள் வைத்து அவளிடம் நீட்டினார்.

"ரெண்டு பக்கமும் எடுக்கணும்ல. எடுத்துக்கோ."

பிறகு துணியைக் கையில் எடுத்து, விட்ட இடத்திலிருந்து கிழிக்க ஆரம்பித்தார்.